ஐரிஷ் நாயகி, நெப்ராஸ்கா நிலம்: எல்லைப்புறக் காதல் நாவல் எழுதும் முறை

அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து அமெரிக்க மேற்கில் காதலைக் கண்டடையும் பெண்ணைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் முகத்தை முடிவு செய்துவிடுகிறார்கள்: சிவந்த கூந்தல், பச்சைக் கண், குதிரைமேல் வரும் நாயகன். முதலில் முடிவு செய்ய வேண்டியது வருஷம். அது உறுதியானால் அவள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாள், எத்தனை நாள் கடலில் கிடந்தாள், யாரைக் கட்டிக்கொண்டால் எதை இழப்பாள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்துவிடும். காதலுக்குக் குறுக்கே நிற்கும் தடையும் அங்கிருந்துதான் வர வேண்டும். பொறாமைக்காரத் தோழி, கைமாறிப்போன கடிதம், பாதி மட்டும் காதில் விழுந்த பேச்சு இவற்றை எந்த ஊர்க் கதையிலும் வைக்கலாம். 1870களின் நெப்ராஸ்காவில் மட்டுமே முளைக்கக்கூடிய தடை ஒன்று உண்டு. அதை வைத்துக் கதை கட்டும் வழி இது.

வருஷத்தைத் தேர்ந்தெடுப்பது

1845 முதல் 1852 வரையிலான உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டுகளில் வந்தவர்கள் பாய்மரக் கப்பலில் ஐந்தாறு வாரம், சில சமயம் அதற்கும் மேல், கடலில் இருந்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களைக் கடலில் இறக்கினார்கள். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோரிடம் மேற்கே போகப் பணமில்லாததால் கிழக்கு நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். 1847இல் வந்த பெண்ணை மூன்றே அத்தியாயத்தில் புல்வெளிக்குக் கொண்டுபோனால் கதை நம்பும்படி இருக்காது. அவ்வளவு சாவுக்கு நடுவே காதலுக்கு மூச்சுவிட இடமும் இருக்காது.

1890களை எடுத்தால் அது சுரங்க நகரத்தின் கதை. மொன்டானாவின் ப்யூட் நகரம், கேவன் மாவட்டத்தில் பிறந்த மார்கஸ் டேலியின் செம்புச் சுரங்கங்கள், தொழிலாளர்கள் தங்கும் சாப்பாட்டு விடுதிகள், தெருவுக்குத் தெரு ஐரிஷ் முகங்கள். நல்ல களம்தான், ஆனால் தனிமை இருக்காது.

இந்த வகைக் கதைக்கு மிகவும் பொருந்துவது 1865க்கும் 1880க்கும் இடைப்பட்ட காலம். நீராவிக் கப்பல் வந்துவிட்டது. அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குச் சுமார் பத்து நாள். முன்பே போன அக்காவோ அத்தையோ பயணச்சீட்டுக்குப் பணம் கட்டி அனுப்ப, பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் தன்னந்தனியாகக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து பெண்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தனியாகக் கிளம்பியது அபூர்வம். நாயகிக்குத் துணையாக ஒரு சித்தப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் ஹனோரா கெல்லி. 1852இல் மேயோ மாவட்டத்தில் பிறந்தவள், மூன்றாவது மகள். பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்தின் கிராமங்களில் வழக்கம் இறுகிப்போயிருந்தது: குத்தகை நிலம் ஒரு மகனுக்கு, வரதட்சணை ஒரு மகளுக்கு, மற்றவர்களுக்குக் கப்பல். 1870இல் அவள் புறப்படுகிறாள். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஊர் கூடி விடிய விடிய விழித்திருக்கும். செத்தவருக்கு விழித்திருப்பதுபோலவே நடப்பதால் அதற்கு ‘அமெரிக்க விழிப்பு’ என்று பெயர். ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் ஒப்பாரி. போகிறவள் திரும்ப மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த இரவை முழு அத்தியாயமாக எழுதுங்கள்; கடல் பயணத்தை நாலு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

நியூயார்க்கில் அவள் இறங்குவது காஸில் கார்டனில். அது 1855 முதல் 1890 வரை இயங்கிய குடியேற்ற நிலையம். அடுத்து வந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதிதான். சுதந்திர தேவி சிலை 1886 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது, ஆகவே 1870இல் வரும் ஹனோரா அதைப் பார்த்துக் கண்கலங்க முடியாது. இந்த இரண்டு பிழைகளும் அச்சான நாவல்களிலேயே உண்டு.

பிறகு மூன்று ஆண்டு வீட்டு வேலை. ஐரிஷ் வேலைக்காரப் பெண்கள் எல்லோரையும் ‘பிரிட்ஜெட்’ என்றும் ‘பிடி’ என்றும் ஒரே பெயரில் கூப்பிட்ட காலம் அது. சொந்தப் பெயரை இழந்து மூன்று வருஷம் வாழ்ந்தவளை முதன்முதலில் ‘மிஸ் கெல்லி’ என்று ஒருவன் கூப்பிடும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் அழகனாக இருக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது.

கதையின் முதுகெலும்பு: 160 ஏக்கர்

1862 மே 20இல் கையெழுத்தாகி, 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தை நாவல் எழுதுகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 21 வயது நிறைந்தவர் அல்லது குடும்பத் தலைவர் எவரும் 160 ஏக்கர் பொது நிலத்துக்குப் பதிவு செய்யலாம். அவர் குடிமகனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குடிமகனாகும் விருப்பத்தை நீதிமன்றத்தில் அறிவித்திருக்க வேண்டும். கட்டணமும் தரகும் சேர்த்து மொத்தம் சுமார் 18 டாலர். ஐந்து ஆண்டு அந்த நிலத்தில் குடியிருந்து, உழுது, வீடு கட்டி, அதை இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா. ஆறு மாதத்துக்கு மேல் ஆள் இல்லாமல் போட்டுவைத்தால் கைவிட்ட நிலம் என்று வேறொருவர் வழக்குப் போடலாம். பொறுமை இல்லாதவர்கள் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளவும் முடியும்.

இந்தச் சட்டம் கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் நிலம் தந்தது. கணவனோடு வாழும் மனைவிக்குத் தரவில்லை. காதல் கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மேயோவில் பதினைந்து ஏக்கருக்கும் குறைவான குத்தகையை வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக் கூரையையே பிரித்துத் தூக்கி எறிவார்கள் என்ற பயத்தில் வளர்ந்தவள் ஹனோரா. அவள் பெயரில் 160 ஏக்கர் வரப்போகிறது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் ஒருவன் ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’ என்கிறான். பக்கத்து நிலக்காரன், அவனும் ஹோம்ஸ்டெட்டர். கணவனும் மனைவியும் இரண்டு தனித்தனி வீடுகளில் குடியிருப்பதாகச் சொன்னால் நில அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. கல்யாணம் நடந்தால் இரண்டில் ஒரு நிலம் போகும். எது போகும்?

எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். பதிவு செய்தபின் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் உரிமை பற்றிய அலுவலகத் தீர்ப்புகள் காலத்துக்குக் காலம் மாறின. அந்தச் சிக்கலுக்குள் கதையை இறக்காதீர்கள். அவள் பட்டாவுக்கான நிரூபணத்தை முடித்த பிறகே கல்யாணம் என்று வையுங்கள். சட்டமும் தடுக்காது, ஐந்து ஆண்டுக் காத்திருப்பும் கதைக்குக் கிடைத்துவிடும். அவனுக்கு அவசரம், அவளுக்கு இல்லை. அவன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவன் என்றால் 1872 சட்டப்படி படையில் இருந்த காலத்தை ஐந்து ஆண்டில் கழித்துக்கொள்ளலாம்; ஆகவே அவன் நிலம் முன்பே பட்டாவாகிவிடும். அவன் சுதந்திரமாக நிற்கிறான், அவள் இன்னும் இரண்டு வருஷம் அந்த மண்ணோடு கட்டுண்டு இருக்கிறாள்.

இன்னொரு சந்தேகமும் தானாகவே வரும்: இவன் விரும்புவது என்னையா, என் கால் சதுர மைலையா? ஊரில் கல்யாணத் தரகர் நடுவில் உட்கார்ந்து மாடும் பணமும் பேசிய வழக்கத்தில் வளர்ந்தவளுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. வரதட்சணை இல்லாமல் அனுப்பப்பட்டவள், வரதட்சணையே ஆகிவிட்டாள்.

குடியுரிமையும் கதைக்கு உதவும். 1855 சட்டப்படி அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் தானாகக் குடிமகளாகிவிடுவாள். ஹனோரா அந்தக் குறுக்குவழியை வேண்டாம் என்று சொல்லி, நீதிமன்றத்தில் நின்று தானே கை உயர்த்திச் சத்தியம் செய்கிறாள் என்றால் அவளைப் பற்றி வேறு விவரிப்பு தேவையில்லை.

நிலத்தின் அளவைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். 160 ஏக்கர் என்பது பக்கத்துக்கு அரை மைல், சுமார் 800 மீட்டர், உள்ள சதுரம். நான்கு சேர்ந்தால் ஒரு சதுர மைல். தனிமை தாங்காமல் அக்கம்பக்கத்தார் வீடுகளை நிலத்தின் மூலையில், எல்லைக்கு அருகில் கட்டுவதுண்டு. எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீட்டைக் கட்டி, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் என்று குடியிருந்ததும் உண்டு. இரவில் அவன் வீட்டு விளக்கு அவளுக்குத் தெரியும், அவன் குரல் கேட்காது. அந்தத் தூரத்தை நாவல் முழுக்கக் காப்பாற்றுங்கள்.

மண், அடுப்பு, மாவு

மரமில்லாத புல்வெளியில் வீடு மண்கட்டியால் ஆனது. புல்வேரோடு சேர்த்துக் கலப்பையால் பட்டையாகக் கீறி, ஓரடி அகலம், மூன்றடி நீளம், நான்கு அங்குலத் தடிமன் என்று வெட்டுவார்கள். ஒரு கட்டி சுமார் 50 பவுண்டு. புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும். 16க்கு 20 அடி வீட்டுக்குச் சுமார் அரை ஏக்கர் புல்தரையை உரித்தாக வேண்டும். சுவர் இரண்டடிக்கும் மேல் தடிமனாக இருப்பதால் கோடையில் உள்ளே குளுமை, பனிக்காலத்தில் கதகதப்பு. கூரைதான் எமன். வெளியே மழை ஒரு நாள் பெய்தால் உள்ளே இரண்டு மூன்று நாள் சேறு சொட்டும். மண்ணும் பூச்சியும் சில சமயம் பாம்பும் விழாமல் இருக்கக் கூரைக்கடியில் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டுவார்கள்.

ஹனோராவுக்கு மண்ணை வெட்டி அடுக்குவது புதிதல்ல. சதுப்பில் எரிமண் வெட்டிக் காயவைத்து எரித்துப் பழகிய கை. ஊரில் வெட்டிய மண் அடுப்புக்குப் போகும், இங்கே சுவராகிறது. நாயகன் அவளுக்கு வீடு கட்டக் கற்றுத்தரும் காட்சியை எழுதிவிடாதீர்கள். அவள் வெட்டும் கட்டி அவன் வெட்டுவதைவிட நேராக வரும்.

நெருப்பு விஷயத்தில் அவள் தோற்பாள். மேயோவில் எரிமண் கணப்பை அணையவே விடமாட்டார்கள். இரவில் கங்கைச் சாம்பலால் மூடி, மேலே ஒரு பிரார்த்தனை சொல்லிவிட்டுப் படுத்தால் காலையில் கிளறினால் போதும். நெப்ராஸ்காவில் எரிபொருள் காய்ந்த சாணமும் முறுக்கிய புல்லும். முறுக்குப் புல் சில நிமிடத்தில் எரிந்து முடியும். ஒருவர் அடுப்பருகிலேயே உட்கார்ந்து முறுக்கி முறுக்கிப் போட்டபடி இருக்க வேண்டும். முதல் குளிர்கால இரவில் அவள் புல்சாம்பலை மூடிவைத்துப் பிரார்த்தனை சொல்லிப் படுத்து, காலையில் கிளறினால் கங்கே இல்லை. பாட்டி காலத்து நெருப்பு அணைந்துபோன துக்கம் அது. அழுகையை எழுத வேண்டாம், அவள் சாம்பலைக் கிளறும் குச்சியை எழுதுங்கள்.

ரொட்டியும் இப்படித்தான். ஐரிஷ் சோடா ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. சமையல் சோடாவும் புளித்த மோரும் சேர்ந்து கிளப்பும் வாயுதான் மாவை உப்பவைக்கிறது. மோர் இல்லாமல் தண்ணீர் ஊற்றினால் சோடா வேலை செய்யாமல் தங்கிவிடும். ரொட்டி மஞ்சள் பூத்து, சோப்புக் கசப்போடு, கல்லாக வரும். முதல் ஆண்டு அவளிடம் பசு இல்லை. அவனிடம் ஒன்று இருக்கிறது. ஆகவே அரை மைல் நடந்து போய் ஒரு தூக்கு மோர் வாங்கிவர வேண்டும், பதிலுக்கு அரை ரொட்டி கொடுக்க வேண்டும். இரண்டு பேரை வாரம் மூன்று முறை சந்திக்கவைக்க இதைவிடக் கண்ணியமான காரணம் கிடைக்காது.

இன்னொரு உணவு கூர்மையானது: சோள மாவு. 1846இல் பஞ்ச நிவாரணமாக அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சோளம் அயர்லாந்துக்கு வந்தது. அதைச் சரியாக அரைக்கவும் வேகவைக்கவும் தெரியாமல் வயிறு கெட்டு அவதிப்பட்டார்கள். ‘மஞ்சள் மாவு’ என்றாலே பிச்சையும் பேதியும் நினைவுக்கு வரும் தலைமுறை அது. ஹனோரா அதைத் தின்றதில்லை. அவள் அம்மா தின்றிருக்கிறாள். புல்வெளியில் எல்லோருக்கும் சோள ரொட்டிதான் அன்றாட உணவு. அக்கறையோடு நாயகன் ஒரு மூட்டை சோள மாவைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். அவள் முகம் ஏன் இறுகியது என்று அவனுக்குப் புரிய நூறு பக்கம் ஆகட்டும். கதைக்கு ஒரு மனஸ்தாபம் தேவைப்பட்டால் இந்த மூட்டை போதும், வில்லனைத் தேட வேண்டாம்.

உருளைக்கிழங்கு நடும் காட்சி வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் மண்வெட்டியால் மேட்டுப்பாத்தி போட்டு நடுவார்கள். மழை அதிகம், நீர் வடிய வேண்டும். வறண்ட புல்வெளியில் அதே மேடு ஈரத்தை இழந்து காய்ந்துபோகும். மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் நடுவது அவளுக்குத் தெரிந்த வழக்கம். அன்றைக்கு நெப்ராஸ்கா மண் பெரும்பாலும் குளிரில் இறுகிக் கிடக்கும்.

1874

பதிவு 1874 ஏப்ரலில் என்று வைத்தால், அந்தக் கோடையிலேயே ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வானம் மறையும் அளவுக்கு இறங்கின. சோளத்தைத் தின்றன, வெங்காயத்தை மண்ணுக்குள்ளிருந்து குடைந்து தின்றன, கருவிகளின் கைப்பிடியில் படிந்த வியர்வை உப்புக்காக மரத்தைக் கறம்பின. நசுங்கிய பூச்சியின் வழுக்கலில் ரயில் சக்கரங்கள் சுழன்று நின்றன. மூடிவைத்த போர்வையையும் தின்றன என்பதால், தோட்டத்தைக் காப்பாற்ற ஹனோரா ஊரிலிருந்து கொண்டுவந்த சால்வையை விரிக்கிறாள் என்றால் அந்தச் சால்வையின் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பாதிக்கப்பட்டவர்கள் நிலத்தைவிட்டுச் சிறிது காலம் விலகியிருக்க அரசு தற்காலிக அனுமதி தந்தது. நாவலாசிரியருக்கு இது பெரிய உதவி. உரிமை போகாமல் அவளை ஒரு குளிர்காலம் நகரத்து விடுதியில் சமையல் வேலைக்கு அனுப்பலாம், பிரிவைக் காட்டலாம், கடிதங்கள் எழுதவைக்கலாம். உள்நாட்டுக் கடிதத்துக்கு அஞ்சல்தலை 3 சென்ட். மேயோவுக்கு எழுதிப் பதில் வருவதற்கு இரண்டு மாதம் என்று கணக்கு வையுங்கள். மாட்டு வண்டி நாளைக்குச் சுமார் 15 மைல் போகும். நில அலுவலகம் 60 மைல் தள்ளி என்றால் போக நாலு நாள், வர நாலு நாள். மாலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பினாள் என்று எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

யாரை விரும்புவாள், யார் மணம் செய்துவைப்பார்

எல்லைப்புறத்தில் பெண்கள் குறைவு. ஹனோராவைக் கேட்க ஆள் வருவார்களா என்பது கேள்வியே இல்லை. முதல் மாதத்திலேயே நாலு பேர் கேட்பார்கள். இவனை மட்டும் ஏன் என்பதற்குத்தான் பதில் வேண்டும். ரயில்பாதை போட்டுவிட்டுத் தங்கிய ஐரிஷ்காரன் என்றால் மொழியும் மதமும் ஒன்று, தடை குறைவு. லூத்தரன் சபையைச் சேர்ந்த ஸ்வீடன்காரன் அல்லது ஜெர்மன்காரன் என்றால் கதை கனக்கும். பத்திரிகை விளம்பரம் பார்த்து முன்பின் தெரியாதவனை மணக்க ரயிலேறும் பெண் இந்த வகையில் தேய்ந்துபோன பாத்திரம். விளம்பரங்கள் இருந்தது உண்மைதான், ஆனால் கத்தோலிக்க ஐரிஷ் பெண்கள் உறவுக்காரர் கடிதத்தை நம்பிப் பயணம் செய்ததே அதிகம்.

கத்தோலிக்கர் அல்லாதவரை மணக்கக் கத்தோலிக்கப் பெண்ணுக்குச் சபையின் தனி அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். திருப்பலியோடு கோயிலில் நடக்காது. பாதிரியார் வீட்டுக் கூடத்தில் எளிமையாக முடியும். பாதிரியாரோ குதிரையில் சுற்றி வருகிறவர், மாதக்கணக்கில் கண்ணில் படமாட்டார். தவக்காலத்திலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆயத்தக் காலத்திலும் கல்யாண விழா கிடையாது. இந்த நாட்களையெல்லாம் கழித்துப் பாருங்கள், கல்யாணத்துக்கு உகந்த வாரங்கள் ஒரு கைவிரலில் அடங்கும். நீதிபதி முன்னால் செய்யும் கல்யாணம் சட்டத்துக்குச் செல்லும், அவள் மனசாட்சிக்குச் செல்லாது. விவாகரத்து என்ற கதவு அவளுக்கு இல்லவே இல்லை. அதனால்தான் அவள் இவ்வளவு யோசிக்கிறாள்.

தமிழில் பேசவைப்பது

ஐரிஷ் மொழியில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லுவார்கள். ஆங்கிலம் பேசும்போதும் அந்தப் பழக்கம் ஒட்டியிருக்கும். தமிழுக்கு இது கைவந்த கலை. ‘வெட்டினீர்களா?’ என்றால் ‘வெட்டினேன்’ என்கிறோம். ஆகவே ஹனோராவை எப்போதும் வினையாலேயே பதில் சொல்லவையுங்கள், நாயகனுக்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ மட்டும் கொடுங்கள். இருபது பக்கத்தில் யார் பேசுகிறார் என்று பெயர் போடாமலே தெரிந்துவிடும். கொச்சையோ வட்டார வழக்கோ எதையும் அவள் வாயில் திணிக்க வேண்டாம்.

வேலை செய்கிறவரைப் பார்த்தால் ‘கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்’ என்பது ஐரிஷ் வழக்கம், வணக்கம் சொல்வதுபோலத்தான். வீட்டுக்குள் நுழையும்போது ‘இங்கிருப்போர் அனைவரையும் கடவுள் காக்கட்டும்.’ ஆளே இல்லாத தன் மண் வீட்டுக்குள் நுழையும்போதும் அவள் அதைச் சொல்லலாம். செல்லச் சொற்களில் ‘அஸ்தோர்’ (பொக்கிஷமே), ‘அகுஷ்லா’ (நாடித்துடிப்பே) இரண்டு போதும். அவற்றையும் பக்கத்துக்குப் பக்கம் தூவாதீர்கள். ஆபத்தான ஒரு நொடியில், பனிப்புயலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது, ஒரு முறை வாய்தவறி வரட்டும். அர்த்தம் கேட்டால் சொல்ல மறுக்கட்டும். அடுத்த முறை பாதிரியார் வரும்போது அவன் அவரிடம் கேட்பான்.

தமிழ்க் காதல் கதைகளில் அவன் ‘நீ’, அவள் ‘நீங்கள்’ என்பது பழகிப்போனது. இங்கே பொருந்தாது. அந்தச் சமூகத்தில் இருவருமே ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ போட்டுக் குடும்பப் பெயரால்தான் பேசினார்கள், மரியாதை இரண்டு பக்கமும் சமம். ஆகவே இருவருக்கும் ‘நீங்கள்’. முதற்பெயர் சொல்லிக் கூப்பிட அனுமதி கிடைக்கும் அன்று இருவரும் ஒன்றாக ‘நீ’க்கு மாற வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்காத வசதி இது. முத்தக் காட்சியைவிட இந்த ஒரு எழுத்து மாற்றம் அதிகம் செய்யும், அதனால் எந்தப் பக்கத்தில் என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

பெயரில் கவனம். கொலீன், எரின், ஷானன் போன்றவை அன்றைய அயர்லாந்தில் பெண்ணுக்கு இடும் பெயர்களாக இல்லை. மேரி, பிரிட்ஜெட், கேத்தரின், மார்கரெட், எல்லன், ஹனோரா, ஜோஹன்னா இவைதான் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும்.

அந்த மண் யாருடையது

இதை விட்டுவிட்டு எழுதினால் கதை பொய்யாகிவிடும். வடக்கு நெப்ராஸ்காவில் நயோப்ரரா ஆற்றோரம் வாழ்ந்த போன்கா என்ற பூர்வகுடி மக்களை அரசு 1877இல் தெற்கே, பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய ‘இந்தியர் பிரதேசத்துக்கு’ வெளியேற்றியது. அங்கே இறந்த மகனின் எலும்புகளைச் சொந்த மண்ணில் புதைக்க அவர்களின் தலைவர் ஸ்டாண்டிங் பேர் திரும்பி நடந்து வந்தார், கைது செய்யப்பட்டார். 1879 மே மாதம் ஒமாஹா நீதிமன்றம் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு மனிதர் என்று தீர்ப்பளித்து விடுவித்தது. ஒமாஹா செய்தித்தாள்கள் இதை எழுதின. வீட்டைவிட்டு விரட்டப்படுவது என்ன என்று மேயோவில் கண்டவள், தன் பட்டா ஆண்டில் இந்தச் செய்தியைப் படிக்கிறாள். அவளை உரை நிகழ்த்தவைக்காதீர்கள், நிலத்தையும் துறக்கவைக்காதீர்கள். அவள் காலத்துப் பெண் இரண்டையும் செய்யமாட்டாள். பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருக்கட்டும். 1847இல், தாங்களே விரட்டப்பட்டு வந்து சுமார் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த சாக்டா என்ற பூர்வகுடி மக்கள், அயர்லாந்தின் பஞ்சத்துக்குப் பணம் திரட்டி அனுப்பியதையும் ஓரிடத்தில் யாராவது சொல்லலாம்.

அதே 1879இல் மேயோவில் விளைச்சல் பொய்த்தது. வாடகைக்கு எதிராகக் குத்தகைக்காரர்கள் திரண்டார்கள், அக்டோபரில் நிலக் கழகம் உருவானது. வீட்டிலிருந்து பணம் கேட்டுக் கடிதம் வரும். மூன்று நிலங்கள், ஒரே வருஷம். 1874 ஏப்ரல் என்ற பதிவுத் தேதியை விடாமல் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அளவும் கடைசிக் காட்சியும்

75,000 சொல் நாவல் என்றால் 2,500 சொல்லில் முப்பது அத்தியாயம். அயர்லாந்து, கப்பல், வேலைக்கார வாழ்க்கை எல்லாம் சேர்ந்து நாலு அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாவதில் அவன் வந்துவிட வேண்டும். வெட்டுக்கிளி பத்தாவதில். நடுவில் தொய்ந்தால் புதிய பாத்திரத்தைக் கொண்டுவராதீர்கள், புதிய பருவத்தைக் கொண்டுவாருங்கள்: இலையுதிர்காலத்தில் புல்வெளித் தீ, ஜனவரியில் பனிப்புயல், ஜூனில் முதல் உழவு.

உச்சக் காட்சி நில அலுவலகத்தில். 1879 மார்ச்சில் வந்த சட்டப்படி, பட்டாவுக்கு நிரூபிக்கப் போகிறவர் சாட்சிகளின் பெயரோடு செய்தித்தாளில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவள் பெயரும் அவன் பெயரும் முதன்முறையாக ஒரே பத்தியில் அச்சாகின்றன. அந்தத் துண்டை யார் கத்தரித்து வைத்துக்கொள்கிறார் என்பது உங்கள் விருப்பம். அலுவலர் சாட்சியைக் கேட்பார்: வீடு எத்தனைக்கு எத்தனை அடி? எத்தனை ஏக்கர் உழுதது? ஐந்து ஆண்டும் தொடர்ந்து குடியிருந்தாளா? எப்போது, எவ்வளவு காலம் விலகியிருந்தாள்?

கடைசிக் கேள்வி வரைக்கும் அவன் மற்ற சாட்சிகளைப்போலவே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லட்டும். அந்தக் கேள்விக்கு மட்டும் வெட்டுக்கிளிக் குளிர்காலத்தில் அவள் வண்டியேறிய தேதி, அவள் வீட்டு விளக்கு மறுபடி எரிந்த தேதி, நடுவில் எத்தனை நாள் என்று காகிதம் பார்க்காமல் சொல்லட்டும். அலுவலர் அதை எழுதிக்கொள்ளும் சத்தத்தைத் தவிர அந்த அறையில் வேறெதுவும் வேண்டாம்.